பந்தெறி வீரர் பால்வங்கர் பாலு

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏறும் சிறு புகைவண்டியைக் கண்டிராதார் நம் கொங்கு நாட்டில் அரியர். 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டில் உதகமண்டலம் வரையிலும் அவ்வழி திறக்கப்பட்டது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்திலுள்ள நம் ஊரிலிருந்து புறப்பட்டு, ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உதகையை அவ்வண்டி அடைகின்றது. சில இடங்களிற் பன்னிரண்டு அடிக்கு ஓரடி வீதம் ஏற்றம் இருத்தலின், தண்டவாளங்களின் நடுவே பல்லிட்ட இருப்புச் சட்டத்தைப் பற்றிக்கொண்டே வண்டி மேலேறுகின்றது. உதகையிற் பிறந்து வளர்ந்தவனும் உதகையில் நிற்கின்றான். அடிவாரத்திலிருந்து ஏறி வந்தவனும் அங்கேயே நிற்கின்றான். இருவரும் நிற்கும் உயரம் ஒன்றே. ஏறிய ஏற்றமோ ஒன்றன்று. இந்த வேற்றுமையை மனத்திற் கொண்டு ஒருவரைப்பற்றி இங்கே எழுதப் புகுகின்றோம்.

கல்லூரி விடுதிகளில் இராவுணவுக்குப்பின் நிகழும் வழக்குகளுள் முடிவு காணாதது ஒன்று உண்டு. கிரிக்கெட்டுப் பந்தாட்டத்தில் எக்காலத்துக்கும் சிறந்த பந்தெறிவோர் யாவர் என்பதே அது. ஒருவர் பேடியின் பெயரைச் சொல்லுவார். மற்றொருவர் நம் தமிழ்நாட்டு அசுவின் 106 டெஸ்டு ஆட்டங்களில் 537 விக்கெட்டுகளை வீழ்த்தியதை எடுத்துக்காட்டுவார். பழமை கற்றவர் சிட்னி பார்ன்ஸ் என்னும் ஆங்கிலேயரை நினைவூட்டுவார். இவ்வழக்கிற் பால்வங்கர் பாலு என்னும் பெயரை நாம் கேட்டது மிகச் சிலமுறையே. இந்திய நாடு தன் முதல் டெஸ்டு ஆட்டத்தை ஆடிய 1932-ஆம் ஆண்டில் அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. ஆதலின் டெஸ்டு அட்டவணைகளில் அவர் பெயர் இல்லை. அட்டவணையில் இல்லாத ஒருவருக்குப் பெரியோர் வரிசையில் இடம் உண்டா என்பதை ஆராய்தலே நம் கருத்து. அதற்கு முன் அவர் வரலாற்றை அறிதல் வேண்டும்.

பாலு 1876-ஆம் ஆண்டையொட்டித் தார்வாரிற் பிறந்தார். அவர்தம் குடும்பம், தோற்றொழில் செய்வது என்று பிறரால் ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தது. தீண்டாமை என்னும் கொடுமைக்கு ஆளானது. தந்தையார் படையில் ஊழியம் செய்தவர். ஆகவே சிறுவர் பாலு பூனாவின் படைவீடுகளை அடுத்து வளர்ந்தார். ஆங்கில அதிகாரிகள் தேய்ந்ததென்று கழித்த மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு அவரும் அவர் தம்பி சிவராமும் ஆட்டம் பழகினர். குடும்பத்தின் வறுமை நெடுங்காலம் பள்ளியில் இருக்கவிடவில்லை. பார்ஸிகளுடைய சங்கம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை கிடைத்தது. திங்களுக்கு மூன்று ரூபாய் சம்பளம்.

1892-ஆம் ஆண்டளவில் அவர் ஐரோப்பியருக்கே உரிய பூனா சங்கத்திற்கு மாறினார். சம்பளம் நான்கு ரூபாயாயிற்று. களத்தைச் சமன் செய்தல், கோடு போடுதல், பயிற்சிக்கு வலை கட்டுதல் ஆகியவை அவர் கடமைகள். ஒரு நாள் அதிகாரி ஒருவர், தமக்குப் பந்து போடும்படி அவ்வூழியரைப் பணித்தார். அன்று தொடங்கிய பயிற்சி நாடோறும் மணிக்கணக்காக நீண்டது. அக்காலத்து இந்தியாவிலிருந்த ஐரோப்பிய மட்டையடிப்போருட் புகழ்பெற்றவராகிய கிரெய்க் என்பவர், மற்றவர் வருமுன்னரே களத்துக்கு வந்து பாலுவின் பந்துக்கு எதிர்நின்று பழகுவாராம். தம்மை ஒருமுறை ஆட்டமிழக்கச் செய்தால் எட்டணா கொடுப்பார் என்றும் சொல்லுவர். பாலு ஆயிரக்கணக்கான பந்துகளை இவ்வாறு வீசினார். ஆயினும் அச்சங்கத்தில் ஒருமுறையேனும் மட்டை பிடிக்க அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. அக்கால ஆட்டத்திற் பந்தெறிதல் வேலையாளின் தொழிலாகவும், மட்டையடித்தல் கனவானின் இன்பமாகவும் எண்ணப்பட்டன. எண்ணியவர் எண்ணம் எதுவாயினும், அவ்வேலையே பாலுவுக்குக் கல்லூரியாயிற்று.

அவர் இடக்கையாற் பந்தெறிந்தவர். ஓடிவரும் தூரம் சிறிது, வேகமும் மிகுதியன்று. ஆனால் ஒரே கையசைவினாற் பந்தை இருபுறமும் திரும்பச் செய்வார். உயர எறிவார், தாழ எறிவார். விரைவை எதிரி அறியாவண்ணம் மாற்றுவார். இவை எல்லாவற்றினும் மேலாக, நாள் முழுதும் எறிந்தாலும் குறித்த இடத்திற் பந்தை விழச்செய்யும் கட்டுப்பாடு அவர்பால் இருந்தது. நான்கு ரூபாய்க்கு நாள்தோறும் எறிந்த கைக்கு அக்கட்டுப்பாடு வாய்த்ததில் வியப்பில்லை.

பூனாவிலிருந்த ஹிந்துக்கள் தங்கள் சங்கத்தில் ஐரோப்பியரை வெல்ல ஆள் தேடினர். அவரோ கண்முன்னே இருந்தார், குலமே தடையாயிற்று. தெலுங்கு வழங்கும் உறுப்பினர் சிலர் அவரைச் சேர்க்க விரும்ப, வேறு சிலர் மறுத்தனர். இத்துணை வல்லவரை இழத்தல் அறியாமை என்று கிரெய்க் தாமே வெளிப்படையாகச் சொன்ன பின்னர், பாலு சேர்த்துக்கொள்ளப்பட்டார். எவ்வாறு சேர்த்துக்கொண்டனர் என்பதை நாம் மறத்தற்கில்லை. களத்தில் எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டனர். இடைவேளையிலோ மற்றவர் கூடத்துக்குள் அமர்ந்து தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே, எறிந்துவிடத்தக்க மண்கலத்தில் வழங்கப்பட்டது. உணவுக்குத் தனித் தட்டு, தனி இடம். முகங்கழுவ விரும்பினால், அவர் வகுப்பைச் சேர்ந்த ஏவலாள் ஒருவன் மூலையொன்றில் நீர் வார்த்தல் வேண்டும். ஒருவர் கையிலிருந்து வரும் பந்து தூயதாயிருக்க, அக்கை தொட்ட கலம் மாசுடையதாயின முறையை என்னென்று சொல்வது! அச்சங்கம் பாலுவின் திறத்தினாற் பல வெற்றிகளைப் பெற்றது. சாதாராவில் ஐரோப்பியருடன் நிகழ்ந்த ஆட்டத்தில், எதிரிகள் ஒரு வாரம் உருளையிட்டுக் கெட்டியாக்கிய களத்திலும் ஏழு விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார் என்பர்.

1896-ஆம் ஆண்டில் பூனாவிற் கொள்ளைநோய் பரவியது. அதன் பின்னர்ப் பாலு பம்பாய்க்குப் பெயர்ந்தார். அங்கே ஹிந்து ஜிம்கானாவிலும் எதிர்ப்பு எழுந்தது. தலைவராயிருந்த கீர்த்திகர் உறுதியாக நின்று அதனை அடக்கினார். இருப்புப்பாதைக் கம்பெனி ஒன்றில் உத்தியோகமும் கிடைத்தது. பம்பாயின் சங்கத்தில் அவர் மற்றவரோடு ஒருங்கே உணவருந்தவும் இடம் பெற்றார். பூனாவில் இயலாதது பம்பாயில் இயன்றது. ஆதலின், இயலாமை இயற்கையின்பாற்பட்டதன்று, மனிதர் மனத்தின்பாற்பட்டதே என்பது தெளிவாயிற்று.

1906-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹிந்துக்களுக்கும் ஐரோப்பியருக்கும் பம்பாயில் ஆட்டம் நிகழ்ந்தது. ஹிந்துக்கள் முதன்முறை 242 ஓட்டங்களும் மறுமுறை 160 ஓட்டங்களும் எடுத்தனர். ஐரோப்பியர் 191 ஓட்டங்களும், பின்னர் 102 ஓட்டங்களுமே எடுத்து, 109 ஓட்டங்களாற் தோற்றனர். பாலு முதன்முறை மூன்று விக்கெட்டுகளையும் மறுமுறை ஐந்து விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். அவ்வெற்றி ஆட்டத்தின் எல்லையைக் கடந்து பேசப்பட்டது. ஆளுவோரை ஆளப்படுவோர் அவர்தம் சொந்த ஆட்டத்திலேயே வென்றனர் என்று மக்கள் மகிழ்ந்தனர். குல வேற்றுமையை ஓரளவு மறந்தமையால் வந்த வெற்றி இது என்பதைச் சீர்திருத்தக்காரர் எடுத்துக்காட்டினர். பிற்கூறிய உண்மை முற்கூறியதினும் நாட்டிற்கு வேண்டியதாய் இருந்தது.

1911-ஆம் ஆண்டில் இந்தியர் கூட்டம் ஒன்று பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்துக்குச் சென்றது. பல மதத்தாரும் பல மாகாணத்தாரும் கலந்த முதல் இந்தியக் கூட்டம் அதுவே. அவ்வாண்டு ஐந்தாம் ஜார்ஜு மன்னரின் முடிசூட்டு விழா. மகாராஜா விருந்துகளில் ஈடுபட்டு மிகச் சில ஆட்டங்களிலேயே கலந்துகொண்டார். சிறந்த மட்டையடிப்போர் சிலர் பல நாள் கூட்டத்துடன் இல்லை. கைக்கு வந்த பந்துகளைப் பிடிக்கத் தவறியவர் பலர். அக்கோடையோ வெயில் மிக்கது; களங்கள் கெட்டிப்பட்டு மட்டையடிப்போருக்குத் துணைபுரிந்தன. இந்நிலையில் அக்கூட்டம் 23 ஆட்டங்களில் ஆறில் வென்று, பதினைந்தில் தோற்றது. இரண்டு முடிவின்றி நின்றன.

இத்தோல்விகளின் நடுவே பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்தது சராசரி 18.84 ஓட்டங்களே. கேம்பிரிட்ஜு சர்வகலாசாலையாரை எதிர்த்து ஒரே ஆட்டமுறையில் 103 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளை எடுத்தார். லெஸ்டர்ஷயரை வென்ற ஆட்டத்தில் அவருக்குப் பதினொரு விக்கெட்டுகள். ஸாமர்ஸெட்டை ஒரு விக்கெட்டால் வென்ற ஆட்டத்தில் தம்பி சிவராம் நூறு ஓட்டங்களைக் கடந்து ஆட்டமிழவாது நின்றார். பாலுவுக்கு அப்பொழுது முப்பத்தைந்து வயதளவு. பலருக்கு ஆட்டம் முடியும் பருவத்திலேயே அவர் முதன்முறை அயல்நாட்டு மண்ணை மிதித்தார்.

திரும்பி வந்தபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அவருக்கு வரவேற்பளித்தனர். அவ்வரவேற்பில் முன்னின்றவருள் ஒருவர் எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவராகிய இருபது வயது இளைஞர். அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர்.

பாலுவின் தம்பியர் சிவராம், கணபதி, விட்டல் ஆகிய மூவரும் சிறந்த ஆட்டக்காரர்கள். 1913-ஆம் ஆண்டில் நால்வரும் ஹிந்துக்களின் கூட்டத்தில் ஒருங்கே ஆடினர். எனினும் ஒரு கேள்வி ஆண்டுதோறும் எழுந்து ஆண்டுதோறும் அடங்கியது: பாலுவை ஏன் தலைவராக்கவில்லை? ஆட்டத்தின் நுட்பத்தை அவரினும் நன்கு அறிந்தார் அக்கூட்டத்தில் இல்லை. கூட்டத்தில் மூத்தவரும் அவரே. ஆயினும் உயர்ந்த குலத்தார் ஒருவரே தலைமை தாங்கினர். 1920-ஆம் ஆண்டில் முதல் ஆட்டத்துக்கு அவரை விலக்கியே விட்டனர். தலைமையும் தம்பி விட்டலுக்கு வராமல் வேறொருவருக்குச் சென்றது. அப்பொழுது விட்டலும் சிவராமும், தங்கள் குலம் ஒன்றே காரணமாக இவ்வவமதிப்பு நேர்ந்தது என்று வெளிப்படையாக எழுதிவிட்டு ஆட்டத்தினின்றும் விலகினர். பொதுமக்களின் கருத்து அவர்கள் பக்கம் திரும்பியது. அடுத்த ஆட்டத்துக்குச் சகோதரர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர், பாலு துணைத்தலைவரானார். தலைவராகிய பாய் என்பவர் சிறிது நேரம் களத்தைவிட்டு வெளியே தங்கினார். அச்சிறு பொழுதிலே பாலு ஹிந்துக் கூட்டத்தை நடத்தினார். வாழ்நாள் முழுதும் அவருக்குக் கிடைத்த தலைமை இவ்வளவே. 1923-ஆம் ஆண்டில் விட்டல் முறைப்படி தலைவரானார். அவ்வாண்டு ஹிந்துக்கள் வென்றனர். தமையனுக்கு மூடிய கதவு தம்பிக்குத் திறந்தது.

பின்னாளில் பாலு பொதுவாழ்விற் புகுந்தார். 1932-ஆம் ஆண்டு, ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி என்னும் ஏற்பாட்டை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கியபோது, பாலு நம் சென்னை எம். ஸி. ராஜாவுடன் சேர்ந்து கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். பூனா உடன்படிக்கையிற் கையொப்பமிட்டாருள் அவரும் ஒருவர். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். தம்மை ஒருகாலத்தில் வாழ்த்தி வரவேற்ற இளைஞரிடமே முதியவர் தோற்றார். இருவருள் எவர் வழி நேரிது என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. அதனை ஈண்டு முடிவுகட்ட முயலோம். ஒன்று மட்டும் கூறுவோம்: தம் வகுப்பினரின் நன்மையை இருவருமே விரும்பினர், நன்மைக்கு வழி எது என்பதிலேயே வேறுபட்டனர்.

1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் பம்பாயில் பாலு இறந்தார். தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் அவ்வாண்டு ஜூன் முதல் நாளிலேதான் நடைமுறைக்கு வந்திருந்தது. வெளியே வைத்த மண்கலத்தைக் குற்றமென்று சட்டம் சொல்லிக் கேட்டு ஒரு திங்கள் அளவே அவர் வாழ்ந்தார்.

இனித் தீர்ப்புக்கு வருவோம். தீர்ப்புச் சொல்லுவோர் இரண்டு தவறுகளுக்கு அஞ்சுதல் வேண்டும். அட்டவணையில் இல்லையென்று தள்ளிவிடுதல் ஒன்று. துன்புற்றார் என்னும் இரக்கத்தால் திறமையை மிகுத்துக் கூறுதல் மற்றொன்று. பின்னது முன்னதினும் நுட்பமான அநீதியாம். அது அவருடைய கைத்திறனை மறைத்துக் கண்ணீரை மட்டுமே காட்டுவதாகும். ஆதலின் முதலில் ஆட்டத்தை மட்டுமே எடை போடுவோம்.

முதல்தர ஆட்டங்கள் 33-இல் அவர் 179 விக்கெட்டுகளை, ஒன்றுக்குச் சராசரி 15.21 ஓட்டங்கள் கொடுத்து வீழ்த்தினார். ஓராட்டத்துக்கு ஐந்துக்கு மேற்படுகின்றது. அவர் காலத்து இடக்கைப் பந்தெறிவோருள் தலைசிறந்தவராகிய ஆங்கிலேயர் காலின் பிளைத் 2,503 விக்கெட்டுகளைச் சராசரி 16.81 ஓட்டங்களுக்கு எடுத்தார். வில்பிரெட் ரோட்ஸ் நாலாயிரத்துக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை ஏறத்தாழ அதே சராசரிக்கு எடுத்தார். எண்ணை மட்டும் பார்ப்பவர் பாலு இவ்விருவரினும் மேல் என்று துணிவர். அது பொருந்தாது. 33 ஆட்டங்களையும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களையும் ஒரே தராசில் வைத்தல் ஆகாது. நூறு நாள் பெய்த மழையையும் மூன்று நாள் பெய்த மழையையும் ஒப்பிட்டு எந்த ஆண்டு வளமானது என்று உழவர் எவரும் சொல்லார்.

ஆயினும் ஒரு சான்று எஞ்சி நிற்கின்றது. அது இங்கிலாந்துப் பிரயாணம். பிளைத்தும் ரோட்ஸும் ஆடிய அதே நாட்டில், அதே வகுப்பு எதிரிகளை, அதே காலத்தில் அவர் எதிர்த்தார். அவர்களுக்கு வாய்த்த துணை அவருக்கு வாய்க்கவில்லை. மறுமுனையில் வல்லவர் ஒருவர் நின்று எறிந்தால் எதிரிக்கு இளைப்பாற இடமில்லை; பிடிக்கும் கைகள் உறுதியாயின் ஒவ்வொரு பிழையும் விக்கெட்டாகும். அக்கூட்டத்தில் இவ்விரண்டும் குறைவு. இருந்தும் 114 விக்கெட்டுகள். அதுவும் முப்பத்தைந்து வயதில், ஒரே கோடையில், பழகாத களங்களில். ஆதலின் அவர் அவ்விருவருக்கு நிகரென்று நிறுவ இயலாவிடினும், அவர்கள் அமர்ந்த அறையில் அமரத் தகுதியுடையவர் என்று தயங்காது கூறலாம்.

நம் நாட்டளவில் தீர்ப்பு எளிது. 1932-க்கு முற்பட்ட இந்தியப் பந்தெறிவோருள் அவரே முதல்வர். பின்வந்த இடக்கையர் வரிசையில், 44 டெஸ்டுகளில் 162 விக்கெட்டுகள் எடுத்த வினு மன்காடும், 67 டெஸ்டுகளில் 266 விக்கெட்டுகள் எடுத்த பிஷன் சிங் பேடியும் அவருக்கு அருகில் நிற்பவர். அவ்வரிசைக்கு முன்னோடி பாலு. டெஸ்டு ஆடாமையைக் குறையாகக் கூறுவோர்க்கு, நம் சென்னை ஏ. ஜி. ராம்சிங்கை நினைவூட்டுகின்றோம். 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் மைசூரை எதிர்த்து ஒரே நாளிற் பதினொரு விக்கெட்டுகளை எடுத்த இடக்கையர் அவர். அவருக்கும் டெஸ்டு ஆடும் பேறு வாய்க்கவில்லை. அட்டவணை என்பது அழைக்கப்பட்டவரின் பட்டியலே. தகுதியுடையார் அனைவரின் பட்டியல் அன்று.

தலைமையில் அவர் எவ்வாறு விளங்கியிருப்பார் என்பதை எடை போட நம்மிடம் ஒன்றுமில்லை. மட்டையடித்தலிலும் இளமையில் வாய்ப்பில்லை. இவ்விரண்டு ஏடுகளும் வெறுமையாக உள்ளன. அவ்வெறுமையை அவர் கணக்கில் எழுதாமல், அவரை வெளியே நிறுத்தியவர் கணக்கில் எழுதுவதே நேர்மை.

ஆட்டத்தை எடை போட்டபின், மனிதரையும் எண்ணலாம் அன்றோ? தொடக்கத்தில் நாம் கூறிய புகைவண்டியை மீண்டும் நினைமின். உயரத்தை அளப்போர் உதகையில் நின்று அளக்கட்டும். அவ்வளவையிலும் பாலு உயர்ந்தே நிற்கின்றார். ஆனால் ஏற்றத்தை அளப்போர் அடிவாரத்துக்கு வந்து அளத்தல் வேண்டும். மூன்று ரூபாய்க்குக் களம் பெருக்கிய இடத்திலிருந்து அவ்வுயரத்தை எட்டியவர் வேறெவரையும் நாம் அறியோம்.

நம் கல்லூரிக் களத்திலும் நாள்தோறும் உருளை இழுப்போர் உளர். வலை கட்டுவோர் உளர். மாலையில் நாம் அடித்துத் தொலைத்த பந்தைப் புதரிலே தேடிக் கொணரும் சிறுவர் உளர். அவர்களுள் எவர் கையில் என்ன திறம் ஒளிந்துள்ளது என்பதை யார் அறிவார்? அடுத்த முறை பந்து திரும்பி வரும்போது, அதனை வாங்கிக்கொள்வதற்கு முன், ஒருமுறை எறிந்து காட்டு தம்பி என்று கேட்போமாக. பாலுவின் வரலாற்றைப் படித்ததற்கு அதுவே தக்க பயன்.